ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அம்மா எழுந்து பேசியது

என் கதைகளில் மௌனம் அருமையாக வந்திருக்கிறது என்று யாராவது பாராட்டினால் எனக்கு எரிச்சல்தான் வரும். அந்த மௌனத்தை நான் எங்கே கற்றேன் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு பிஸ்கட்டுக்குக் கற்றது அது.

குயிலாப்பாளையத்தில் அம்மா வீட்டுவேலை செய்த வெள்ளைக்காரம்மா, குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவர்களுக்குப் பாதிரியாரும் கிடையாது, பாட்டும் கிடையாது. ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பேர் அவர் வீட்டுக் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் இருப்பார்கள். யாருக்காவது உள்ளிருந்து சொல் வந்தால் எழுந்து சொல்லலாம். சொன்னதற்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. இந்தக் கடைசி விதியை மட்டும் அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தவள், அதை ஒரு பஞ்சாயத்து என்று நினைத்துக்கொண்டாள். சபையில் சொல்லிவிட்டால் சபை பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

அம்மாவுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியிருந்த அக்காவைத் திண்டிவனத்து அத்தை மகனுக்குக் கொடுப்பதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அக்கா மேலே படிக்க வேண்டும் என்று மூன்று நாளாகச் சாப்பிடாமல் கிடந்தாள். அப்பா யார் பேச்சையும் கேட்கிற ஆள் இல்லை. அந்த வீட்டில் தோட்டவேலை பார்த்ததால் வெள்ளைக்காரம்மா சொன்னால் மட்டும் தலையாட்டுவார். அந்த அம்மாவுக்கோ காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் தமிழ். அதனால் வெள்ளைக்காரர்கள் நடத்திய பள்ளியில் ஆறாவது படித்த என்னை அம்மா கூட்டிக்கொண்டு போனாள்.

"நான் சொல்லி முடிச்சதும் நீ எழுந்து இங்கிலீஷ்ல சொல்லிடு. பயந்துக்கினு நிக்காத."

வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். கூடத்தில் நுழைந்ததும் வெள்ளைக்காரம்மா உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். பிறகு மேசைமேல் இருந்த பிஸ்கட் தட்டையும் காட்டினார்.

பாதி நேரம் போனபின் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"என் பெரிய பொண்ணு படிக்கணும்னு அழுதுக்கினே இருக்குதுங்க. அவங்கப்பா கல்யாணம் பண்ணி அனுப்பப் பாக்குறாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடுவாருங்க."

குரல் உடைந்துவிட்டது. ஒருவரும் கண் திறக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரம்மா என் தோளில் கைவைத்து மெதுவாக உட்காரவைத்தார். அம்மாவின் சொல்லுக்கு அவர் கொடுத்த மரியாதையாம் அது. உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாகவே இருந்தது. மனப்பாடம் செய்ததில் பாதி மறந்துபோயிருந்தது.

நேரம் முடிந்ததும் அவர்கள் வழக்கப்படி எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். வெள்ளைக்காரம்மா அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண் கலங்க ஏதோ சொன்னார்.

"என்னாடி சொல்றாங்க?"

"நீ சொன்னது மனசைத் தொட்டுடுச்சாம். தேங்க்ஸாம்."

அப்போதாவது நான் அந்த அம்மாவிடம் இங்கிலீஷில் சொல்லியிருக்கலாம். வாய் நிறைய பிஸ்கட் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் நல்ல பிள்ளை என்பதற்கு மேல் அன்று எனக்கு ஒன்றும் தெரியாது.

"சோறு துன்னுடி, அவங்க பாத்துப்பாங்க" என்று அம்மா வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னாள். அக்கா சாப்பிட்டாள். அடுத்த மாதம் திண்டிவனத்தில் கல்யாணம் நடந்தது. வெள்ளைக்காரம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து வாழ்த்தினார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. என்னையும் எதுவும் கேட்கவில்லை.

காத்திருந்தால் உள்ளிருந்து சொல் வரும் என்று அவர்கள் நம்பியது கதை எழுதுவதற்குச் சரிதான். அந்த ஞாயிற்றுக்கிழமையை மூன்று கதைகளாக எழுதிவிட்டேன். மூன்றிலும் அந்தச் சிறுமி எழுந்து நின்று பிழையில்லாத இங்கிலீஷில் பேசிவிடுகிறாள். கடைசிக் கதையைப் படித்துவிட்டு அக்கா திண்டிவனத்திலிருந்து போன் செய்தாள்.

"அந்தம்மாதான் முடியாதுன்னுட்டாங்கன்னு இத்தினி வருஷம் நெனைச்சிக்கினு இருந்தேன். நீ இதையே திரும்பத் திரும்ப எழுதறதப் பாத்தா சந்தேகமா இருக்குது. கதையில வர்ற மாதிரி நெஜமாவே எழுந்து சொன்னியாடி?"

அக்கா காத்திருந்தாள். நான் வாய் திறக்கவில்லை. இந்த முறை என் தோளில் யாருடைய கையும் இல்லை.