ஏழாவது டிக்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கொல்கத்தா பவானிபூரில் நடந்தது இது. அங்கே ஒரு மருத்துவமனையில் உபகரணங்களைப் பராமரிக்கும் இன்ஜினீயராக இருக்கிறேன். தினமும் காலையில் ஒரு தாளோடு மாடி மாடியாக ஏறி, பதினோரு இயந்திரங்களைச் சோதித்து டிக் போட வேண்டும்.

பட்டியல் போட்டு வேலை செய்வது எனக்குப் பிடிக்கும். ஆனாலும் மூன்று வருடமாக அதே பதினொன்று. கடவுளுக்காக ஏதாவது செய்ய வேண்டியவள் பிளக்கையும் பேட்டரியையும் பார்த்தே காலத்தைக் கழிக்கிறேனே என்ற குறை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகப்போவதாக அன்று சபையில் சாட்சி சொல்வதற்கு முடிவு செய்திருந்தேன்.

ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. தாளை அவசரமாக முடித்துக் கொடுத்துவிட்டு மெட்ரோவுக்கு ஓடினேன். பிளாட்பாரத்தில் நின்று, சாட்சிக்கான குறிப்புகளைப் பார்க்க போனைத் திறந்தபோது, காலையில் எடுத்த படம் கண்ணில் பட்டது. தாளைக் கொடுக்கும் முன் படம் எடுத்து வைப்பது என் பழக்கம். பத்து டிக்குகளுக்குப் பக்கத்தில் அளவுகள் எழுதியிருந்தேன். ஏழாவதில் டிக் மட்டும் இருந்தது.

ஏழாவது, மூன்றாம் மாடி டிஃபிப்ரிலேட்டர். இதயத் துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்ச்சி கொடுக்கும் இயந்திரம். தினமும் சரியாகத்தானே இருக்கிறது என்று, போய்ப் பார்க்காமல் லிஃப்டிலேயே டிக் போட்டிருந்தேன்.

வார்டுக்கு போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. ரயில் வந்து கதவு திறந்தது. நான் ஏறவில்லை; மருத்துவமனைக்கே திரும்பி ஓடினேன்.

"என்ன, சர்ச்சுல துரத்திவிட்டுட்டாங்களா?" என்று வங்காளத்தில் சிரித்தார் மூன்றாம் மாடி வார்டு நர்ஸ்; எங்களுக்கெல்லாம் அவர் தீதி, அதாவது அக்கா. நேராகப் போய் இயந்திரத்தின் பின்னால் குனிந்தேன். பிளக் கீழே கிடந்தது. அதன் இடத்தில் ஒரு மேசை விசிறியின் பிளக். பேட்டரி விளக்கு சிவப்பாக இருந்தது.

"நாலாம் படுக்கைக்காரருக்குப் புழுங்குதுன்னு மகன் கொண்டுவந்த ஃபேன்" என்ற தீதியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "அவருக்குத்தான் விடியக்காலையிலே நெஞ்சுவலி வந்துச்சு."

விசிறியைப் பிடுங்கி, இயந்திரத்தை மாட்டினேன். நாலாம் படுக்கைப் பெரியவர் எழுந்து உட்கார்ந்தார்.

"என் காத்தை ஏம்மா பிடுங்கினே?"

"இந்த மெஷினுக்குக் கரண்ட் வேணும், தாத்தா."

"அது யாருக்கு?"

"யாருக்கும் வேண்டியிருக்கக் கூடாது."

"வேண்டாததுக்கா என் ஃபேனை நிறுத்தினே? போகட்டும், டீயாவது கொண்டாரச் சொல்லு. சர்க்கரை போட்டு."

"சர்க்கரை கிடையாது" என்றார் தீதி. பெரியவர் முனகியபடி திரும்பிப் படுத்தார்.

பேட்டரி ஏறி, சோதனை சரியாக வரும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். 'ஸ்தோத்திரம் ஆண்டவரே' என்பதைத் தவிர எந்த ஜெபமும் வரவில்லை. பிறகு தாளைக் கேட்டு வாங்கி, ஏழாவது டிக்கை அடித்துவிட்டு, பார்க்காமல் போட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாள் திட்டு விழுந்தது. வாங்கிக்கொண்டேன்.

அதற்குள் ஆராதனை முடிந்திருந்தது. அந்தச் சாட்சியை நான் சொல்லவே இல்லை, வேலையையும் விடவில்லை. ஊழியத்தை எங்கெங்கோ தேடிய நான், கையிலிருந்ததை அந்தச் சின்னக் கட்டத்தில் தவறவிட இருந்தேன். இன்றும் ஏழாவது எண்ணை நேரில் பார்த்து எழுதும்போது, டீக்குச் சர்க்கரை கிடையாதென்றதும் முனகிய அந்தப் பெரியவரை நினைத்துக்கொள்கிறேன். என் காலை ஜெபம் அங்கேதான் தொடங்குகிறது.