மிருகம் நிற்கிற இடம்

அந்தப் பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் சலவைக்கூடம் இருக்கிறது. அங்கே அவளைக் கதைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாற்பதைத் தாண்டியவள், இடுப்புவலிக்காரி, வாய்க்கு மட்டும் வயதாகவில்லை. வேலை என்னவோ பெட்ஷீட் மடிப்பதுதான்.

பெட்ஷீட் மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஓர் உதறு உதறி, பாதியாக்கி, ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். விரல்கள் சந்திக்கும் இடத்தில் ஒருத்தி தன் முனைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கும் மடிப்பைக் குனிந்து பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். மறுபடி கிட்டே வருவாள். எந்திரங்கள் போடும் இரைச்சலில் தள்ளி நின்று பேசினால் ஒரு மண்ணும் கேட்காது. அதனால் கதைக்காரியின் கதை கிட்டே வரும்போது ஒரு வரி, விலகும்போது வாய்மூடல் என்று துண்டு துண்டாகத்தான் வரும். ருசியான இடம் நெருங்கும்போது வேண்டுமென்றே அசைந்து அசைந்து நடப்பாள். பொல்லாதவள்.

எதிர்முனையைப் பிடித்தவள் அவளுடைய நாத்தனார், புருஷனின் தங்கை. ஒரு பையோடும் கட்டுப்போட்ட மணிக்கட்டோடும் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். மணிக்கட்டை முறித்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். கட்டு அவிழ்த்த கையோடு கதைக்காரி சூப்பர்வைசரை நச்சரித்து இந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். வாயே திறக்காததால் கூடத்தில் நாத்தனாருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் விழுந்தது.

ஒருநாள் அழுக்குத் துணி மூட்டையை அவிழ்த்தபோது தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு புத்தகம் விழுந்தது. அட்டையில் முட்செடி, அதற்குப் பின்னால் கொம்பு முளைத்த ஒரு நிழல். அறையில் தங்கியவர்கள் விட்டுப்போன பொருளைக் கொஞ்ச நாள் வைத்திருப்பது வழக்கம். யாரும் வரவில்லை. இந்த மாதிரிப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டேன் என்று எந்த மகராசி வந்து கேட்பாள்?

சின்ன வயதில் எல்லாரும் கேட்ட கதைதான் அது. சாபத்தில் கிடக்கும் ஒரு மிருகம், அப்பன் செய்த தப்புக்காக அந்த மிருகத்திடம் ஒப்படைக்கப்பட்ட ஒரு பெண். ஆனால் குழந்தைகளுக்குச் சொல்லும்போது எந்த இடத்தில் கதவைச் சாத்துவார்களோ, இந்தப் புத்தகம் சரியாக அங்கே கதவைத் திறந்தது. பெண்ணுக்கு முப்பது வயது. நன்றாக விவரம் தெரிந்தவள். மிருகத்துக்கு நகம் உண்டு, பல் உண்டு, அவள்மேல் காட்டையே கொளுத்துகிற ஆசை உண்டு. கதைக்காரி பஸ்ஸில் படித்துக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டாள்.

அவளுடைய புருஷன் கெட்டவன் இல்லை. குடியில்லை, கை நீட்டியதில்லை. ஆனால் அவளை நேராகப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. "தண்ணி", "சாவி எங்க", "லைட்டை அணை", இதற்குமேல் பேச்சு கிடையாது. ஒருமுறை அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இந்த வயசுல உனக்கு இது தேவையா?" என்றான். அவன் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஒரு பெண்ணை ஒருவன் இப்படி வேண்டும் வேண்டும் என்று நினைப்பானா, பொய்யாகவாவது நினைக்கட்டுமே என்று அவள் மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

கூடத்தில் கதை ஓட ஆரம்பித்ததும் பெண்கள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்கள். "கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லேன், ரகசியமா இது?" என்று இஸ்திரி மெஷினிலிருந்து ஒருத்தி கத்துவாள். பேரன் பேத்தி எடுத்தவள் அவள். "எனக்கு அந்த அறையைப் பூட்டுற இடம்தான்டி பிடிச்சிருக்கு. பூட்டிட்டுச் சாவியை அவ கையிலயே கொடுக்கிறான் பாரு! எங்க வீட்டுல சாவியை ஒளிச்சு வெச்ச ஆளைத்தான் நான் பார்த்திருக்கேன்." எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊமைக்கோட்டான் சிரிக்கவில்லை. முனையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கதையில் ஓர் இடம் வரும். மிருகம் அவளைச் சுவரோடு சேர்த்து நெருங்குகிறான். அவளுக்கும் ஆசைதான், பயமும் கூடத்தான். நகம் கழுத்தைத் தொடும்போது அவள் "போதும்" என்கிறாள். கத்தவில்லை, அழவில்லை, மூச்சுவிடுகிற சத்தத்தில் சொல்கிறாள். மிருகம் அப்படியே நின்றுவிடுகிறான். தூக்கிய கை தூக்கியபடி, உடம்பெல்லாம் நடுங்க, அவள் மறுபடி "வா" என்று சொல்கிறவரைக்கும் நிற்கிறான்.

அதைச் சொன்ன அன்றைக்கு விரல்கள் சந்தித்தபோது நாத்தனார் துணியை விடவில்லை.

"அண்ணி, அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லுங்க."

"எந்த இடம்டி? வான்னு கூப்பிடுறாளே, அதா?" என்று கதைக்காரி கண்ணடித்தாள்.

"அது இல்ல. அவ போதும்னு சொன்னதும் அவன் நிக்கிறானே, அது."

மற்ற எல்லாரும் மிருகம் நெருங்குகிற இடத்துக்காகக் காத்துக்கிடக்க, இவள் ஒருத்தி அவன் நிற்கிற இடத்துக்காகக் காத்துக்கிடந்திருக்கிறாள். கதைக்காரி அதை மறுபடி சொன்னாள். அதற்குப் பிறகு தினமும் சொன்னாள். கேட்கிறபோதெல்லாம் நாத்தனாரின் தோள் கொஞ்சம் இறங்கும், முறிந்த மணிக்கட்டைத் தடவிக்கொள்வாள். மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தாள். ஒருநாள், "உங்க மிருகத்துக்கு வேற வேலைவெட்டியே கிடையாதா அண்ணி?" என்று கேட்டாள். கூடமே கைதட்டியது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, நாத்தனாரின் புருஷன், வந்தான். சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, பை நிறையப் பழத்தோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து அழுதான். இனிமேல் தொடமாட்டேன் என்றான். கதைக்காரியின் புருஷனுக்கு மனசு இளகிவிட்டது. உண்மையில் அது எப்போது இளகலாம் என்று காத்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டே அறை வீடு. பக்கத்து வீடுகளில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள்.

"ஆம்பளை இப்படி அழுறான்னா பொய்யா இருக்குமா? கிளம்பும்மா. ஒண்ணும் ஆகாது" என்றான் தங்கையிடம்.

நாத்தனார் சுவரோரம் உட்கார்ந்து ஒரு துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். தலையைத் தூக்கி அண்ணியைப் பார்த்தாள்.

"அவ போகமாட்டா. அவ பட்டது போதும்" என்றாள் கதைக்காரி.

அவள் பேசியது அங்கே யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. எந்த பஸ், எத்தனை பை என்று புருஷன் பேசிக்கொண்டே போனான்.

"போதும்னு சொல்றேன்ல! கையை முறிச்சவன்கிட்டயே அனுப்புவீங்களா? அவ சம்பாதிக்கிறா, அவ சோத்தை அவ திங்கிறா. உங்களுக்கு என்ன பாரம்? போதும், விட்டுடுங்க!"

மாப்பிள்ளை டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். புருஷன் திரும்பினான். குரலை உயர்த்தக்கூட இல்லை.

"போதும். நீ படிக்கிற புத்தகம் இல்ல இது."

கதைக்காரியின் வாய் மூடிக்கொண்டது. எத்தனையோ வருடப் பழக்கம், தானாகவே மூடிக்கொண்டது. அவ்வளவு சீக்கிரம் மூடிக்கொண்டதை நினைத்து அவளுக்கே அவமானமாக இருந்தது.

பையைக் கட்டும்போது புத்தகத்தைக் கொடுத்தாள். நாத்தனார் வாங்கவில்லை. "அவர் கண்ணுல பட்டா அதுக்கும் சேர்த்து விழும் அண்ணி. நீங்களே வெச்சுக்குங்க. கதை வேணும்னா உங்களுக்கு போன் பண்றேன்" என்றாள். பிறகு, "நீங்களாவது சொன்னீங்க" என்றாள். சொன்னதனால் என்ன ஆயிற்று என்று கதைக்காரி கேட்டுக்கொள்ளவில்லை. பதில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

எதிர்முனைக்குப் புதிதாக ஒருத்தியைப் போட்டார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்த கலகலப்புக்காரி. கதை கேட்டு நச்சரித்தாள். கதைக்காரி மடித்தாளே தவிர சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் இடுப்பில் போன் அதிர்ந்தது. வேலை நேரத்தில் போன் எடுக்கக்கூடாது. தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு எடுத்தாள்.

"நல்லா இருக்கேன் அண்ணி" என்றது நாத்தனாரின் குரல். அவசரக் குரல். உதடு வீங்கியவர்கள் பேசுகிற மாதிரி ஒரு குழறல். "ஒண்ணுமில்ல. அந்த இடத்தை மட்டும் ஒரு தடவை சொல்லுங்க."

எந்த இடம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பெட்ஷீட்டைக் கையில் பிடித்தபடியே கதைக்காரி சொன்னாள். சுவர், நகம், கழுத்து. அத்தனை எந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்ததால் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அப்ப அவ போதும்னு சொன்னா, கண்ணு. மெதுவாத்தான் சொன்னா. உடனே அவன்..."

"வந்துட்டாரு அண்ணி" என்றாள் நாத்தனார். போன் அணைந்துவிட்டது.

புதியவள் எதிர்முனையில் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போன்ல யாருக்கா? அப்புறம் அவன் என்ன பண்ணினான்?"

கதைக்காரி தன் முனையை உதறினாள். பிறகு கிட்டே நடந்து போய் அவள் கையில் கொடுத்தாள்.