இடது பக்கத்து மட்கார்டு

டிராக்டருக்கு இரும்புத் தகடு நல்லதா, பைபர் நல்லதா என்று யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். கேட்பவர்கள் பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? கரையான்சாவடியில் ஒரு ஷெட்டில் வருஷக்கணக்காக வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்தவன் என்பதால் கேட்கிறார்கள். நானும் ஒப்பிப்பதுபோல் பதில் சொல்லிவிடுவேன். இரும்பு இடிபட்டால் நெளியும், தட்டி எடுத்துக்கொள்ளலாம். ஓட்டை விழுந்தால் வெல்டிங் வைக்கலாம். ஆனால் தண்ணீர் பட்டுக்கொண்டே இருந்தால் துருப்பிடித்து உளுத்துப்போகும். பைபருக்குத் துரு கிடையாது, எடை கிடையாது, வெயிலில் தொட்டால் கை சுடாது. ஆனால் உடைகிற நாள் வரைக்கும் உடையப்போவதாக ஒரு அறிகுறியும் காட்டாது. இவ்வளவு சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். மேற்கொண்டு பேசினால் அக்காவைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

எங்கள் அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில்தான் அக்காவும் நானும் வளர்ந்தோம். அப்பா எனக்கு சைக்கிள் வாங்கித் தந்தார், அக்காவுக்குத் தரவில்லை. பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு என்றுவிட்டார். இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். அப்புறம் கல்யாணமாகி வெள்ளானூருக்குப் போனாள்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், எண்பதுகளின் கடைசியில் பழைய சிவப்பு டிராக்டர் ஒன்றை வாங்கி, பின்னால் இரும்பு டேங்க் இழுத்துத் தண்ணீர் விற்க ஆரம்பித்தார். வயலெல்லாம் பிளாட் போட்டு வீடு வந்துகொண்டிருந்த காலம். வீடு வந்ததே தவிர தண்ணீர் வரவில்லை. மாமா ஓட்டுவார். அக்கா ஹோஸ் பிடித்து ஒவ்வொரு வீட்டுத் தொட்டியிலும் இறக்குவாள். போகும்போதும் வரும்போதும் அவள் உட்காரும் இடம் இடது பக்கத்து மட்கார்டு. பெரிய சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகடு அது. டிராக்டர் வைத்திருக்கிற எல்லார் வீட்டிலும் மனைவியும் பிள்ளைகளும் அதன் மேல்தான் உட்கார்ந்து போவார்கள், யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை.

ஆனால் அக்கா உட்கார்ந்தது வேறு மாதிரி. தேரில் உட்கார்ந்த மாதிரி உட்காருவாள். ஏறுவதற்கு முன்னால் பஸ் கண்டக்டரைப்போல உள்ளங்கையால் அந்தத் தகட்டில் இரண்டு தட்டு தட்டுவாள். டம், டம். தெருக்கோடி வரைக்கும் கேட்கும். மாமா கியர் போடுவார். வழியெல்லாம் இரண்டு பேரும் எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிக்கொண்டே போவார்கள். "ஊட்டுல குந்திகினு இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்டா. இது மேல ஏறினாதான் நான் மன்ஷி" என்பாள். சைக்கிள் கிடைக்காதவளுக்குக் கடவுள் கொடுத்த வண்டி என்று நானும் கிண்டல் செய்வேன்.

நாலைந்து வருஷத்தில் அந்த இடது மட்கார்டு அடியில் உளுத்துவிட்டது. ஹோஸைச் சுருட்டி அந்தப் பக்கம்தான் மாட்டுவார்கள், எந்நேரமும் ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும். டிங்கரிங் செய்கிறவர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்து, வெல்டிங் நிற்காது, வேறு போடுங்கள் என்று கையை விரித்துவிட்டார்.

மாமா இரும்புதான் வேண்டும் என்றார். பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கும், கொஞ்ச நாள் ஆகட்டும் என்றார். நான்தான் விடவில்லை. "எந்தக் காலத்துல கீற மாமா நீ? காருக்கே இப்ப பைபர் போடறான். திரும்பத் தண்ணியில இரும்பைப் போட்டா திரும்பத் துருதான் புடிக்கும்" என்று வாதாடினேன். எனக்குப் பைபர்மேல் அப்போது ஒரு கிறுக்கு. வழவழவென்று இருக்கும், பெயின்ட் அதன் மேல் வெண்ணெய் மாதிரி உட்காரும். மாமா அரை மனசோடு சரி என்றார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பைபர் வார்க்கிற ஒருவரிடம் பழைய மட்கார்டைக் கொடுத்து, அதே அச்சில் ஒன்று செய்து வாங்கினோம். கொடுக்கும்போது அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத் தெளிவாகச் சொன்னார். "இது சேறு தெறிக்காம இருக்கத்தான். இது மேல ஆள் உக்காரக் கூடாது."

திரும்பி வரும் வழியில் மாமா யோசனையாகவே வந்தார். டேங்கின் முன்பக்கம், மூடியைத் திறக்க ஏறி நிற்பதற்காக ஒரு இரும்புப் பலகை உண்டு. இனி அக்கா அதில்தான் உட்கார வேண்டும். அங்கே உட்கார்ந்தால் மாமாவோடு பேச முடியாது. சண்டைக்கு வருவாள் என்று எங்களுக்குத் தெரியும். "மச்சான், நீயே உங்க அக்காகிட்ட சொல்லிடு. நான் சொன்னா என்னைக் கடிச்சிக் குதறிடுவா. நீ சொன்னா கேப்பா" என்றார். நான் பொறுப்பு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மாமியாரைப் பார்க்க சென்னீர்குப்பம் போயிருந்தாள். திங்கள் காலை முதல் பஸ்ஸில் நேராக வந்து சேர்வதாகப் பேச்சு. அவள் இல்லாத அந்த ஒரு நாளில் அவள் வீட்டு வாசலில் வைத்தே பெயின்ட் வேலையை முடித்தேன். புதுச் சிவப்பு அடித்திருந்தால் அரை மணி நேர வேலை. எனக்கு அது போதவில்லை. வலது பக்கத்து மட்கார்டு வெயிலில் வெளுத்து ஒரு மாதிரி செங்காவி நிறத்துக்கு வந்திருந்தது. அதே நிறம் வரும்வரை கருப்பும் மஞ்சளும் சொட்டுச் சொட்டாகக் கலந்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மினுமினுப்பை எடுத்தேன். கீறல்களை வரைந்தேன். விளிம்பில் துருகூட வைத்தேன்.

பழைய மட்கார்டில் அக்கா உட்கார்ந்து உட்கார்ந்து, சேலை உரசி, பெயின்ட் தேய்ந்து உள்ளே சாம்பல் நிற பிரைமர் தெரிகிற இடம் ஒன்று இருந்தது. அதையும் விடவில்லை நான். அதே இடத்தில், அதே அளவில், அவள் உட்கார்ந்து தேய்ந்த தடத்தைப் பைபர்மேல் வரைந்து வைத்தேன். மாமா பார்த்துவிட்டு, "யப்பா, எது இரும்பு, எது பைபருன்னு எனக்கே தெரியல" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நானே என்னை மெச்சிக்கொண்டு படுத்தேன்.

காலையில் அக்கா வந்தபோது மாமா எஞ்சினை ஓடவிட்டு சீட்டில் தயாராக இருந்தார். நான் கேட் பக்கத்தில் அக்காவைப் பிடித்து நிறுத்தினேன். நேராக விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். அதற்கு முன்னால் என் கைவேலையைக் காட்டிவிட வேண்டும் என்ற அரிப்பு.

"ஒரு பக்கம் மட்கார்டு மாத்தியாச்சு. எந்தப் பக்கம்னு சொல்லு பார்க்கலாம்."

அக்கா இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். "ரைட்டு பக்கம்" என்றாள்.

நான் சிரித்தேன். நாங்கள் இரண்டு நிமிஷமாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்த மாமா, சொல்லியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஹாரன் அடித்தார். "வந்துட்டேன்யா, இன்னா அவசரம்" என்று அக்கா ஓடினாள். உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். டொக், டொக். அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் ஒரு சத்தம். நான் அதைக் கேட்டேன். கேட்டுவிட்டு, ஏமாந்துவிட்டாள் பார் என்ற குஷியில் நின்றேன். ஒரு கண நேரம் நின்றவள், நான் வரைந்து வைத்த தடத்திலேயே ஏறி உட்கார்ந்தாள்.

வாசலைத் தாண்டினால் குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம். மாமா அதன்மேலேயே கண்ணை வைத்துக் கியர் போட்டார், பக்கத்தில் அவள் ஏறியதைக் கவனிக்கவில்லை. நான் "அக்கா" என்று கத்தியதும், மாமா திரும்பிப் பார்த்ததும், சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் ஒன்றாக நடந்தன. பைபர் போல்ட்டோடு பிளந்தது. அக்கா பின்பக்கமாகச் சரிந்து விழுந்தாள். மாமா பிரேக்கை மிதிப்பதற்குள் டேங்கின் சக்கரம் அவள் இடது கால்மேல் ஏறிவிட்டது.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "சொன்னியா இல்லியா மச்சான்? சொன்னியா இல்லியா?" அவர் சட்டையெல்லாம் அக்காவின் ரத்தம்.

"சொன்னேன் மாமா" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னவன் நான்தான். பயத்தில் வந்துவிட்டது என்று பிற்பாடு எனக்கே நான் சொல்லிக்கொண்டதுண்டு. பயம்தான். ஆனால் திருத்திக்கொள்ள அதற்கப்புறம் எத்தனை நாள் இருந்தது!

அக்காவுக்கு நினைவு தெளிந்து பேச ஆரம்பித்ததும் மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தம்பி அவ்ளோ சொல்லியும் ஏன்டி அதுல ஏறின?" அக்கா மெதுவாகக் கழுத்தைத் திருப்பிக் கட்டிலின் கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. பிறகு மாமாவிடம், "மறந்துட்டேன்யா. பழக்க தோஷம்" என்றாள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடமும், சேலை தடுக்கித் தானாக விழுந்ததாகவே சொன்னாள்.

மாமா இரண்டே நாளில் இரும்பு மட்கார்டு ஒன்று தேடிப் பிடித்து மாட்டினார். அதில் யாரும் உட்காரவில்லை. ஹோஸ் பிடிக்க ஒரு ஆளைச் சேர்த்துக்கொண்டார். டிராக்டர் கிளம்புகிற நேரத்துக்கு அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவாள். மாமா நல்ல மனிதர், அவளைத் தூக்கிச் சுமந்தவர். ஆனால் களைத்துப்போய் வருகிற நாளில் ஏதாவது சின்னச் சண்டை வந்தால், "சொன்னா கேக்கற ஜென்மமா நீ? கேட்டிருந்தா இந்தக் கதி வருமா?" என்று கத்திவிடுவார். அக்கா தட்டில் சோற்றைப் போட்டு அவர் முன்னால் வைப்பாள். நான் அங்கே இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன். அப்படி எத்தனை முறை போனேன் என்று எனக்குக் கணக்கில்லை.

இரண்டு வருஷம் கழித்து அக்காவுக்குச் செயற்கைக் கால் வந்தது. அக்கா நல்ல கருப்பு. அது ரோஸ் பவுடர் பூசியதுபோல் ஒரு வெளிறிய நிறம். சேலைக்குக் கீழே பாதம் மட்டும் யாரோ ஒருத்தியின் பாதம்போல் தெரியும். செருப்புப் போட்டால் ஓரளவு மறையும். ஆனால் எங்கள் மாதா கோயிலில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். நற்கருணை வாங்க வெறுங்காலோடு பீடம்வரை நடக்க வேண்டும். எல்லார் கண்ணும் அந்தப் பாதத்துக்குப் போகும் என்று அக்கா பூசைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

பெரிய வியாழனுக்கு முந்தின ஞாயிறு என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதுக்கு என் கலரு அடிச்சிக் குடுடா. யாராலயும் கண்டுபுடிக்க முடியாத மாரி."

தற்செயலாகச் சொன்னாளா, தெரிந்தே சொன்னாளா? அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. நான் டப்பாக்களை எடுத்துவந்தேன். செய்தித்தாள் விரித்து, அவள் வலது பாதத்தைப் பக்கத்தில் வைக்கச் சொல்லிப் பார்த்துப் பார்த்துக் கலந்தேன். விரல் இடுக்கில் கொஞ்சம் கருமை, குதிகாலில் வெளுப்பு. வெடிப்புகளை மெல்லிய பிரஷ்ஷால் இழுத்தேன். தேய்ந்த பாதம் ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தபோது பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன். அப்படியே குனிந்து அழுதேன்.

"அக்கா, அன்னிக்கு நான் உன்கிட்ட சொல்லல. மாமாகிட்ட பொய் சொல்லிட்டேன். இன்னிக்கே அவருகிட்ட சொல்லிடறேன்."

"நீ சொல்லாதது எனக்குத் தெரியாதாடா?" என்றாள். "அவருக்கு நீ ஒருத்தன்தான் மச்சான்னு கீற. அதையும் ஏன் கெடுத்துக்கறே? முடி, காயணும்ல."

முடித்தேன். காய்ந்ததும் மாட்டிக்கொண்டு எழுந்து நின்று, இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கி, உள்ளங்கையால் அந்தக் காலில் இரண்டு தட்டு தட்டினாள். டொக், டொக்.

"அன்னிக்குத் தட்டினப்பவே சத்தம் வேற மாரி வந்துச்சுடா. எனக்குத் திக்குன்னு ஆச்சு. உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ சிரிச்சிகினு நின்ன. சரி, ஒண்ணுமில்லன்னு ஏறிட்டேன்."