வைண்டர் டிரைவர் வீட்டு லட்டு

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு ஞானமுத்து எங்கள் சுரங்கக் கம்பெனி லைன் வீடுகள் முழுக்க லட்டு கொடுத்தார். மகளுக்குக் கல்யாணமா? இல்லை. அவருக்கு வந்திருப்பது மருந்தே இல்லாத வியாதி என்று வேலூரில் சொல்லிவிட்டார்கள்... அந்தச் சந்தோஷம்!

சிரிக்காதீர்கள். விஷயம் அப்படி.

ஞானமுத்து சுரங்கத்தில் வைண்டர் டிரைவர். ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டு, அவர் ஓட்டும் இஞ்சினில்தான் தொங்குகிறது. சாமி கும்பிடுகிறார்களோ இல்லையோ, "இஞ்சின்ல யாரு கீறாரு?" என்று கேட்காமல் எங்கள் ஆட்கள் கேஜில் கால் வைப்பதில்லை. ஞானமுத்து என்றால் நிம்மதி. சாராயக் கடை இருக்கும் தெருவில்கூட நடக்காத மனுஷர்.

அவருக்குக் கால் வீங்கியது. கண் மஞ்சளானது. ஈரல் கெட்டிருக்கிறது, காரணம்தான் புரியவில்லை என்றார் சுரங்க ஆஸ்பத்திரி டாக்டர்.

டாக்டருக்குப் புரியாவிட்டால் என்ன, லைனுக்குப் புரியாதா? ஈரல் என்றால் குடி. முடிந்தது விசாரணை! மறுநாளிலிருந்து ஷிப்டுக்குப் போகிறவர்கள் இஞ்சின் ரூமுக்குள் எட்டிப் பார்த்துக் குசலம் விசாரித்தார்கள் – மூக்கை நீட்டிக்கொண்டு. ரொம்ப அக்கறையாக விசாரித்த ஆறுமுகம், முதல் நாள் ராத்திரி ஊற்றிக்கொண்டது இறங்காமலே வந்தவன். தன் வாடையைத் தானே முகர்ந்துவிட்டு, "அடிக்குதுப்பா" என்று வெளியே வந்து சொல்லிவிட்டான்.

அவ்வளவுதான், கேஜில் ஏற மாட்டோம் என்றார்கள். உண்மை தெரிகிற வரை இஞ்சினைத் தொட வேண்டாம் என்றது ஆபீஸ். வேலை போனால் லைன் வீடும் போகும். ஞானமுத்து பாதியாக இளைத்துப் போனார்.

அவர் மனைவி ரெபேக்கா வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். அரிசி டின், விறகு அடுக்கு, ஏசுநாதர் படத்தின் பின்பக்கம்... எங்கும் பாட்டில் இல்லை. சந்தேகம் தீர்ந்ததா? "எவ்ளோ சாமர்த்தியமா ஒளிச்சு வெச்சிருக்காரு பாருங்க தம்பி" என்று என்னிடம் அழுதார்.

கடைசியில் மூவரும் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்த 1975-ல் புதிதாக வந்திருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அது தேடுகிற சமாசாரத்துக்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயராம். "இவரு வேலூரைத் தாண்டினதில்லீங்கம்மா" என்று பதறினார் ரெபேக்கா. டாக்டரம்மா சிரித்துவிட்டு விளக்கினார். குடி இல்லை, வைரஸ். வருஷக்கணக்கில் ரத்தத்தில் ஒளிந்திருந்து ஈரலை அரித்திருக்கிறது. சரியாகக் கொதிக்க வைக்காத ஏதாவது ஊசி வழியாக வந்திருக்கலாம். ரத்தம் கலந்தால் தொற்றும், கையால் தொட்டதைச் சாப்பிட்டால் தொற்றாது. உப்பைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்த வேலை பார்க்கலாம். ஆனால், அந்த வைரஸைக் கொல்ல மருந்து இன்னும் வரவில்லை.

ரெபேக்காவுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நல்லவேளை, ஒன்றுமில்லை.

ஞானமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மருந்து இல்லாட்டி போவுதும்மா. குடி இல்லன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க" என்றார்.

சீட்டைப் பார்த்து ஆபீஸ் அவரை மறுபடி இஞ்சினில் உட்கார வைத்தது. ஆட்கள் ஏறினார்கள். முதலில் ஏறியவன் ஆறுமுகம்!

அதற்குத்தான் லட்டு. ஞானமுத்து வீடு வீடாகத் தன் கையாலேயே கொடுக்க, ரெபேக்கா பின்னாலேயே போய், "குடி இல்லையாம், கிருமிதானாம்" என்று பூரிப்போடு சொல்லிக்கொண்டு வந்தார். எல்லோரும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார்கள். சாயங்காலம் நானும் ஞானமுத்துவும் லைனுக்குப் பின்புறம் போனால், காக்காய்களுக்கு ஏக விருந்து. குப்பைமேடு முழுக்க லட்டு.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வுடுங்க தம்பி. கேஜ்ல ஏறுறாங்க இல்ல?" என்றார் ஞானமுத்து.

ஏறுகிறார்கள். அந்தக் கையை நம்பிப் பாதாளம் வரை இறங்குகிறார்கள்... அந்தக் கை கொடுத்த லட்டுதான் தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்கிறது!