டிரம்மில் விழாத அரிசி

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து சின்னதாக ஒரு அறக்கட்டளை நடத்துகிறோம். பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்குச் சாம்பார் சாதம் போடுவோம். யார் கொடுத்தது ஜாஸ்தி, யார் கொடுத்தது கம்மி என்று தெரியக் கூடாதென்று எல்லா வீட்டு அரிசியையும் ஒரே டிரம்மில் கொட்டிவிடுவது எங்கள் வழக்கம். வீடு வீடாகப் போய் வாங்கி வருவது என் வேலை.

போன பௌர்ணமியன்று கடைசி வீட்டு அரிசியோடு வந்தேன். டிரம்மைச் சுற்றி ஆண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போகக் கூச்சப்பட்டு, சமையல் கொட்டகை வாசலிலேயே பையோடு நின்றுவிட்டேன். அந்தக் கடைசி வீட்டு மருமகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"பெரிம்மா, அரிசியக் கொட்டிட்டீங்களா?"

"இல்லம்மா, பையிலதான் இருக்கு. ஏன்?"

"வண்டு மருந்து கலந்து வச்சதுங்க. எங்க அத்தை தெரியாம குடுத்துட்டாங்க!"

பையை அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டேன். அத்தனை பேர் சாப்பிடுகிற சோறு!

எங்கள் அறக்கட்டளைத் தலைவர்தான் முதலில் சிரித்தார். "உள்ள வாங்க, உள்ள வாங்கனு எப்பவும் கூப்பிடறேன். நல்லவேளை, இன்னிக்கும் நீங்க வரல."

பந்தி முடிந்து எல்லாரும் நல்லபடியாகக் கிளம்பிய பிறகுதான் நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

இப்போதெல்லாம், "மருந்து கலந்த அரிசிங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பையை விரிக்கிறேன். தானம் கொடுக்கிறவர்களிடம் அப்படிக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டாவது கேட்டுவிடுகிறேன்.