மேஜை மேல் பரப்பிய சிவப்பு இலைகள்

நான்கு வருஷம் வீட்டிலேயே அடைந்து கிடந்தவளிடம் ஒரு சாப்பாட்டு மேஜையைக் கொடுத்து அழகுபடுத்தச் சொன்னால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள். அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து ஒரே துணியை நான்கு தடவை விரித்தேன், நான்கு தடவை மடித்தேன். ஐந்தாவது தடவை விரிக்கும்போது என் கணவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். புத்திசாலி.

எண்பதுகளின் நடுவில், நியூ ஜெர்சியில் பார்சிப்பனியில் இருந்தோம். கணவருக்கு அங்கேயே ஆபீஸ். எனக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. கிரீன் கார்டு வரும்வரை ஜன்னல் வழியாகப் பார்க்கிங் லாட்டைப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். எந்த வீட்டுக் கார் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று நான் சொன்னால் நீங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு முன்னால் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் இரண்டு வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். எம்.எஸ்சி. முதல் வகுப்பு. இதையெல்லாம் அங்கே யாரிடம் சொல்வது? வாஷிங் மெஷினிடமா?

அந்த வருஷம் வசந்தத்தில் கார்டு வந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கோடை முழுக்க விண்ணப்பம் போட்டேன். செப்டம்பரில் ஒரே ஒரு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். அரைமணி தூரத்தில் ஒரு கல்லூரியின் ஹெர்பேரியம். காய்ந்த செடிகளை அட்டையில் ஒட்டி, பெயர் எழுதி, குடும்பம் குடும்பமாக அடுக்கி வைக்கும் அறை. அந்த அறைக்குள் நுழைந்ததும் வந்த வாசனை, பழைய காகிதமும் பூச்சி மருந்தும் கலந்த வாசனை, அது திருச்சியில் எங்கள் லேபில் வந்த அதே வாசனை. இந்த வேலை கிடைக்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அப்போதே தோன்றியது. மிகையாகச் சொல்லவில்லை.

இன்டர்வியூ எடுத்தவர் அந்த அறைக்குப் பொறுப்பாளர். வெள்ளைக்கார அம்மாள், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நரைத்த தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார், நக இடுக்கில் மண் இருந்தது. அதிகம் பேசவில்லை. வரும்போது என் சான்றிதழ்களை அவர் மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னபோது கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரிஜினலையா குடுத்துட்டு வந்த? இங்க யாரும்மா ஒரிஜினல் கேக்கறாங்க?"

யாரும் கேட்கவில்லைதான். நம் ஊரில் வேலை என்றால் ஒரிஜினல். அது ரத்தத்தில் ஊறிப்போன விஷயம், என்ன செய்ய?

புதன்கிழமை அந்தப் பொறுப்பாளரே போன் செய்தார். இத்தனை முக்கியமான காகிதங்களைத் தபாலில் அனுப்ப மனசு வரவில்லை, சனிக்கிழமை மாலை என் தங்கை வீட்டுக்குப் போகும் வழியில் கொடுத்துவிட்டுப் போகிறேன், வேலையைப் பற்றியும் அப்போது பேசலாம் என்றார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் இராச் சாப்பாட்டுக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். சரி என்றார்.

கணவர் முகத்தில் ஈயாடவில்லை. வேலை கொடுக்கப் போகிறவரைச் சாப்பிடக் கூப்பிட்டால் இந்த ஊரில் அதற்கு வேறு பெயர் என்றார். எனக்குத்தான் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்குமே.

"சாப்பாட்டு நேரத்துக்கு வர்றவங்கள வாசல்ல நிக்க வெச்சு அனுப்பற பழக்கம் எங்க வீட்ல இல்ல. உங்க வீட்ல இருந்தா எனக்குத் தெரியாது."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கூப்பிட்டாயிற்று. இனி அசத்தியாக வேண்டும்.

சூப்பர் மார்க்கெட்டில் பணம் கட்டும் வரிசையில் நிற்கும்போது ஒரு பத்திரிகை கண்ணில் பட்டது. அட்டையில் ஒரு சாப்பாட்டு மேஜை. கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்குகிறதாம், அதை மேஜைக்குக் கொண்டுவர வேண்டுமாம். ஆரஞ்சு நிறத் துணி, குட்டிக் குட்டிப் பூசணிகள், சோளக் கதிர், எல்லாவற்றையும் சுற்றிச் சிவந்த இலைகள். வாங்கிக்கொண்டு வந்து இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெல் மூட்டையை அடுக்கும் ஒழுங்கோடு இந்த ஜனங்கள் இலையை அடுக்குகிறார்களே என்று எரிச்சலாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

துணிக்கு என் கடுகு மஞ்சள் சுங்குடிப் புடவையை மடித்து விரித்தேன், அரக்குக் கரை பக்கவாட்டில் தொங்கும்படி. பூசணிக்குச் சாலையோரப் பண்ணைக் கடைக்குப் போனோம். கை அடக்கத்தில், வரி வரியாக, மேலெல்லாம் மரு வைத்த காய்கள். இதில் கூட்டு வைக்கலாமா என்று கேட்டார் கணவர். பார்க்கத்தானாம், தின்ன இல்லையாம். அவற்றைப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்தேன். நன்றாக இல்லை. எடுத்தேன். ஜன்னல் ஓரம் வைத்தேன். திரும்பத் தாம்பாளத்துக்கே கொண்டுவந்தேன்.

குறை இலைதான். செப்டம்பர் மூன்றாம் வாரம் என்பதால் மரமெல்லாம் பச்சையாகவே நின்றது. சிவந்தது ஒன்று கூட இல்லை. மூன்று மணிக்கு மேல் இருப்புக் கொள்ளாமல் வெளியே இறங்கினேன். பார்க்கிங் லாட்டுக்குப் பின்னால், வேலியை ஒட்டி ஒரு பெரிய மரம். அதன் மேல் ஒரு கொடி ஏறியிருந்தது. சுற்றிலும் பச்சையாக இருக்க, அது மட்டும் குங்குமமாகச் சிவந்து பளபளத்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு காம்பில் மூன்று இலை. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. வில்வம்! வில்வமே இல்லை என்று தெரியும், கொடியில் ஏது வில்வம்? ஆனாலும் அந்த மூன்று இலையைப் பார்த்ததும் நல்ல சகுனம் என்று மனசு சொன்னது. ஏதோ வில்வத்தின் தூரத்துச் சொந்தமாக இருக்கும் என்று நானே ஒரு குடும்பத்தையும் ஒதுக்கிக் கொடுத்துவிட்டேன். முதல் வகுப்பு அல்லவா!

கை நிறையப் பறித்தேன். தாம்பாளத்தைச் சுற்றி வட்டமாக வைத்தேன். தண்ணீர் டம்ளருக்கு ஒரு கொத்து, மடித்து வைத்த நாப்கின் ஒவ்வொன்றிலும் நூலால் கட்டி ஒரு கொத்து. வடைத் தட்டுக்கு ஓரம் கட்டினேன். பத்திரிகைப் படம் என்னிடம் பிச்சை வாங்க வேண்டும் போல இருந்தது. கணவர் வெளியே வந்து பார்த்து, முதல் முறையாக, "நல்லா இருக்கே" என்றார்.

ஐந்தரைக்குப் பொறுப்பாளர் வந்தார். கையில் பழுப்பு நிறக் கவர், ஒரு குட்டி ஜாம் பாட்டில். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர் மேஜையைப் பார்த்ததும் நின்றார். சிரிப்பும் நின்றது. பிரமித்துவிட்டார் என்றே நினைத்தேன். நீங்களே பறித்ததா என்று கேட்டார். நானே என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. கையாலா என்றார். இதென்ன கேள்வி, வேறு எதால் பறிப்பார்கள்?

உட்கார்ந்தார். நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். கவரை மேஜை மேல் வைக்காமல் எட்டி சோபாவில் வைத்தார். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டார். வடையை நீட்டினேன், கொஞ்சம் கழித்து என்றார். தண்ணீரைத் தொடவில்லை. கணவர் வானிலையைப் பற்றி ஏதோ சொன்னார், அதற்குப் பதில் சொன்னாரே தவிர, கண் என் கைகளையும் மேஜையையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு முள்கரண்டியை எடுத்து, அதன் நுனியால், தன் முன்னால் இருந்த நாப்கினைக் கரப்பான்பூச்சியைத் தள்ளுவதுபோலத் தள்ளி வைத்தார்.

எனக்கு உச்சி முதல் பாதம் வரை பற்றி எரிந்தது. மடியில் கோத்த அந்தக் கைகளை எனக்குத் தெரியும். எதிலும் பட்டுவிடக் கூடாதே என்று உடம்பைச் சுருக்கிக்கொள்ளும் அந்த விதத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டுப் பாத்திரத்தைத் தொடவும் கூசுகிறவள் எதற்கடி என் வீட்டுக்கு வந்தாய்? வேலையாவது மண்ணாவது. எழுந்து வடைத் தட்டை அவர் முன்னாலிருந்து வெடுக்கென்று எடுத்தேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று வாயால் சொல்லலாம், யாரும் வற்புறுத்தவில்லை என்று இங்கிலீஷில் சொன்னேன். கணவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு டிக்கெட் போட்டு ஊருக்கே அனுப்பிவிடுவார் போலிருந்தது.

பொறுப்பாளர் எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. பிரெட் சுற்றி வரும் பிளாஸ்டிக் பை வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். இது பாய்சன் ஐவி. தொட்டால் கொப்புளம் வரும். உங்களைச் சங்கடப்படுத்தாமல் எப்படிச் சொல்வது என்று ஐந்து நிமிஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உடனே சொல்லியிருக்க வேண்டும், கோழைத்தனம், மன்னித்துவிடுங்கள்.

"ஐயோ, எங்க ஆபீஸ்ல ஒருத்தன் இதுல பட்டு ரெண்டு வாரம் லீவு" என்றார் கணவர், தன் நாப்கினைக் கீழே போட்டுவிட்டு.

பெயரைப் பூங்காப் பலகைகளில் படித்திருக்கிறேன். செடியைப் பார்த்ததில்லை. கால் ஓடவில்லை, கை ஓடவில்லை, அப்படியே நின்றேன். அவர்தான் பிரெட் பையைக் கையில் மாட்டிக்கொண்டு ஒரு இலை விடாமல் பொறுக்கினார். புடவையோடு, ஓரத்து வடைகளோடு, எல்லாவற்றையும் சுருட்டிக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினார். பிறகு என்னைச் சமையலறைத் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போய் என் வளையல்களைக் கழற்றினார். குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்பை ஊற்றி, என் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டு விரல் விரலாக, நக இடுக்கு விடாமல், முழங்கை வரை தேய்த்தார். உங்களுக்கும் ஒட்டுமே என்றேன். கடைசியில் நானும் கழுவிக்கொள்வேன், பேசாமல் நில்லுங்கள் என்றார்.

தேய்த்துக்கொண்டே, இதை என்ன குடும்பம் என்று நினைத்தீர்கள் என்று கேட்டார். வில்வத்தின் குடும்பம், எலுமிச்சைக் குடும்பம் என்றேன். இல்லை, மாமரத்தின் குடும்பம் என்றார். மா, முந்திரி, வண்ணான் துணிக்குக் குறி போடும் சேங்கொட்டை. வகுப்பில் இரண்டு வருஷம் நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணாகாத பிள்ளை திருச்சியில் உண்டா? இதைக்கூடக் கண்டுபிடிக்காத நான் ஹெர்பேரியத்தில் என்ன கிழிக்கப் போகிறேன்? அழுகை வந்துவிட்டது. ஈரக் கையால் கண்ணைத் துடைக்கப் போனவளின் மணிக்கட்டை அவர் பிடித்து நிறுத்தினார்.

மூன்று பேரும் சமையலறையில் நின்றுகொண்டே பேப்பர் தட்டில் சாப்பிட்டோம். புதிதாகப் போட்ட வடை மூன்றை அவர் தின்றார். அப்புறம்தான் வேலையைப் பற்றிச் சொன்னார். புதன்கிழமை போன் செய்வதற்கு முன்பே முடிவு செய்துவிட்டாராம், அக்டோபர் முதல் திங்கட்கிழமை வந்துவிட வேண்டுமாம். இந்த ஒரு செடியை நீங்கள் எந்த ஜன்மத்திலும் தப்பாக அடுக்க மாட்டீர்கள் என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார், நான் சொல்வதற்கு முன்னாலேயே உங்களுக்கு அவ்வளவு கோபம் வந்ததே, ஏன் என்று. வடை ஆறிக்கொண்டிருந்தது என்றேன். அவர் நம்பினார்.

திங்கட்கிழமை இரண்டு கையிலும் கொப்புளம் வந்தது. கழுவியதால் விரல்களோடு நின்றது, ஆனாலும் இரண்டு வாரம் ரோஸ் நிற மருந்தைப் பூசிக்கொண்டு அலைந்தேன். அந்தக் கையோடுதான் வேலையில் சேர்ந்தேன். அவரோடு ஆறு வருஷம் இருந்தேன், தினமும் ஒரே தொட்டியில் கை கழுவி ஒன்றாகச் சாப்பிட்டோம். எத்தனையோ பேசியிருக்கிறோம். அன்றைக்கு அவர் கைகளைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் என்பதை மட்டும் சொல்லவே இல்லை. சொன்னால், அப்படி ஒரு பார்வை உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பாரே.

எங்கள் வீட்டில் யாரையும் வாசலில் நிறுத்தி அனுப்பும் பழக்கம் இல்லை என்று கணவரிடம் வாயடித்தேன் இல்லையா? பொய்யில்லை. கக்கூஸ் கழுவ வந்த அம்மாவை வாசலுக்கு யாரும் விட்டதே இல்லை, கொல்லைப்புறமாகத்தான் வருவார். காபி கேட்டால், அவருக்கென்று மாடத்தில் கவிழ்த்து வைத்த அலுமினிய டம்ளரை அவரே எடுத்துத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். உயரத்திலிருந்து ஊற்றுவது என் வேலை, எனக்கு அப்போது பத்து வயது. பாத்திரம் படாமல், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றுகிறேன் என்று என் அம்மா அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வாள்.