கைபேசியில் தெரிந்த பெயர்

பருத்தித்துறையில் ஒரு மனநல ஆலோசனை நிலையத்தில் குணலட்சுமி பதினொரு வருடமாக வேலை செய்கிறார். தன்னிடம் வருகிறவர்களின் பெயரை வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. கணவர் முருகேசுவும் கேட்டதில்லை.

பங்குனியில் குணலட்சுமி புதுக் கைபேசி வாங்கினார். நிலையத்துச் சந்திப்புகள் ஒரு செயலியில், வீட்டு விஷயங்கள் இன்னொன்றில். மாறி மாறிப் பார்த்ததில் பல் வைத்தியரிடம் போகவேண்டிய நாளே தவறிப்போனது. அதனால் இரண்டு நாட்காட்டிகளையும் இணைத்துவிட்டார். வீட்டு நாட்காட்டி முருகேசுவின் கைபேசியிலும் திறக்கும் என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

இரண்டு கிழமை கழித்து, ஒரு வியாழன் காலை பத்து மணிச் சந்திப்புக்கு ஜெயசுதன் வரவில்லை. கடலில் கூட்டாளியைப் பறிகொடுத்த பிறகு நித்திரையின்றித் தவித்த இளம் மீனவர் அவர். ஒரு தடவையும் பிந்தியதில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது முருகேசு சொன்னார்:

"உவன் ஜெயசுதன் பாவமப்பா. நேற்றுச் சந்தையிலை கண்டு, இப்ப நித்திரை வருதோ எண்டு கேட்டன். ஒண்டும் கதையாமல் போயிட்டான்."

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"என்ரை போனிலை கிடந்ததே, ஜெயசுதன், நித்திரையின்மை, பத்து மணி எண்டு. நீர்தான் போட்டிருக்கிறீர் எண்டு நினைச்சன்."

குணலட்சுமி சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். இணைப்பைத் துண்டித்தார். ஆனால் ஏற்கெனவே வந்திறங்கிய பெயர்கள் முருகேசுவின் கைபேசியில் இருந்தன, இருபத்திரண்டு. ஒவ்வொன்றாக அழித்தார்.

"நான் வேறை ஒருத்தரோடையும் கதைக்கேல்லை" என்றார் முருகேசு.

"அவரோடை கதைச்சதே போதும்."

பின்னேரமே நிலையப் பொறுப்பாளரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தார். ஜெயசுதன் வீட்டுக்குப் போக நினைத்தார்; தான் அந்தப் படலை வாசலில் நின்றாலே அயல் கதைக்கும் என்று விட்டுவிட்டார். 'பிழை என்னுடையது, நேரில் சொல்லவேண்டும்' என்று மட்டும் செய்தி அனுப்பினார்.

திங்கட்கிழமை ஜெயசுதன் வந்தார். கதிரையில் உட்காரவில்லை.

"நீங்கள் வீட்டிலை சொல்லிப்போட்டியள் எண்டு நினைச்சன், அக்கா."

"சொல்லேல்லைத் தம்பி. ஆனால் என்ரை கவலையீனத்தாலைதான் அவருக்குத் தெரிஞ்சது. உங்களுக்கு ரண்டும் ஒண்டுதானே."

எப்படி நடந்தது என்று கைபேசியில் காட்டினார். இனி நாட்காட்டியில் பெயரே இராது, இலக்கம் மட்டும்தான் என்றார். ஜெயசுதன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உங்களிலை கோவமில்லை. ஆனால் முருகேசு அண்ணையை நான் ஒவ்வொரு நாளும் சந்தையிலை காணவேணும். இஞ்சை வர ஏலாது."

குணலட்சுமி மறிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு ஆலோசகரிடம் அவருக்கு நேரம் எடுத்துக் கொடுத்தார். மற்ற இருபத்தொரு பேருக்கும் தானே விஷயத்தைச் சொன்னார். இரண்டு பேர் பிறகு வரவில்லை.

"நான் ஜெயசுதனிட்டை மன்னிப்புக் கேக்கட்டோ?" என்று முருகேசு ஒருநாள் கேட்டார்.

"வேண்டாம். கண்டால் மீன் விலையைப் பற்றிக் கதையுங்கோ."

ஜெயசுதன் இப்போது நித்திரை கொள்கிறாரா என்று குணலட்சுமிக்குத் தெரியாது. அதைக் கேட்கும் உரிமை தனக்கு இனி இல்லை என்கிறார்.